ஒரு பல் தள்ளி

கரிசலில் மேடு கிடையாது. ஓட்டப்பிடாரத்திலிருந்து பசுவந்தனைப் பக்கம் போனாலும் குறுக்குச்சாலைப் பக்கம் போனாலும் நிலம் படுத்தே கிடக்கும். அங்கங்கே பனை, ஓடைக்கரை முழுக்கச் சீமைக் கருவேலம், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்த மண். இப்படிப்பட்ட ஊரில் வண்டியின் இன்ஜினுக்குப் பெரிய சிரமம் இல்லை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அதுதான் எங்கள் பக்கத்து வண்டிகளுக்கு வந்த கேடு. இன்ஜின் திணறும்போதுதான் அதன் கோளாறு வாய் திறக்கும். திணற வைக்க ஏற்றம் வேண்டும். சமதரையில் ஓடும் வண்டியில் நோய் மாதக்கணக்கில் சத்தம் காட்டாமல் இருந்துவிடும்.

எங்களுக்கு இருந்த ஒரே ஏற்றம் கண்மாய்க் கரை. எங்கள் ஊர் மெக்கானிக், ஊருக்கே அண்ணாச்சி, எந்த வண்டி வந்தாலும் முதலில் அங்கேதான் ஓட்டிப் போவார். வண்டியில் பாரம் இருக்க வேண்டும், கண்ணாடி இறக்கியிருக்க வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் வாயைத் திறக்கக் கூடாது. டாப் கியரில் மெதுவாகக் கரையை நெருங்கி, கியரை இறக்காமல் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிப்பார். அந்தச் சில நொடிகளில் இன்ஜின் என்ன சொல்கிறது என்பதுதான் அவருக்குக் கணக்கு. எனக்குத் தெரிந்த நல்ல பரிசோதனைக்கூடங்களில் ஒன்றாக அந்தக் கரையை நான் இன்றும் மதிக்கிறேன்.

1990களின் பிற்பகுதி அது. அப்பா ஒரு மாருதி ஆம்னி வைத்திருந்தார். புதியம்புத்தூரில் வீட்டுக்கு வீடு தையல் மெஷின் ஓடும்; குட்டித் திருப்பூர் என்றே அந்த ஊரைச் சொல்வார்கள். அங்கே தைத்த ரெடிமேட் பண்டல்களைத் தூத்துக்குடி பஸ், லாரி செட்டுகளுக்குக் கொண்டு சேர்ப்பது அப்பாவின் பிழைப்பு. ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் இருந்த இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கூரை முட்டப் பண்டல் ஏற்றுவார்கள். தீபாவளிக்கு முந்திய புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் வண்டிக்கு ஓய்வே இருக்காது. அதே மாதங்களில்தான் மானாவாரிக் காட்டில் உளுந்தும் பாசியும் கம்பும் பருத்தியும் விதைப்பார்கள். முதல் மழை இறங்கியதும் கரிசல் சக்கரத்தில் அப்பிக்கொண்டு விடாது. பாரமும் சகதியும் சேர்ந்து இன்ஜினைப் பிழியும் நேரம்.

அந்தப் பருவத்துக்கு முன்பே வண்டியைத் தயார் செய்துவிட வேண்டும் என்று அப்பா டைமிங் பெல்ட்டை மாற்றினார். பழைய பெல்ட்டின் முதுகில் கீறல் விட்டிருந்தது. பெல்ட் அறுந்தால் நடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். சில இன்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வை இடித்து ஹெட்டே பாழாகும். ஆகவே அவர் செய்தது சரியான காரியம். வெளியூர் ஒர்க்ஷாப் ஒன்றில், வேலை பழகி வெளியே வந்த ஒரு பையன் மாட்டிக்கொடுத்தான்.

வண்டி வந்த நாளிலிருந்து குணம் மாறியது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஸ்டார்ட்டர் ஒருமுறை எதிர்த்து உதைத்தது. பண்டல் ஏற்றிக்கொண்டு டாப் கியரில் மிதித்தால் சீட்டுக்கு அடியிலிருந்து கிணுகிணுவென்று ஒரு சத்தம். ஆம்னியில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில்தானே இருக்கிறது. ஓட்டுகிறவனின் தொடையில் அந்த அதிர்வு ஏறும். காலை எடுத்தால் சத்தம் நின்றுவிடும். மறுபடி அழுத்தினால் மறுபடி கிணுகிணு.

அப்பா அதே ஒர்க்ஷாப்பில் கொண்டுபோய் விட்டார். அவர்கள் டைமிங் லைட் போட்டுப் பார்த்து, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைத்தார்கள். சத்தம் பெரும்பாலும் அடங்கியது. அப்பா திருப்தியோடு திரும்பினார். ஆனால் வண்டியின் இழுவை போய்விட்டது. காலி வண்டியில் தெரியவில்லை. பாரத்தோடு குறுக்குச்சாலையில் ஏறி மெயின் ரோட்டில் விரட்டினால் ஓர் அளவுக்கு மேல் மூச்சு முட்டி நின்றது. முழு மிதியில் அந்தக் கிணுகிணுவும் மெலிதாக ஒட்டிக்கொண்டே இருந்தது. பெட்ரோல் கூடுதலாகக் குடித்தது. பார்த்தவர்களெல்லாம் ஆளுக்கொன்று சொன்னார்கள்: பெட்ரோலில் மண்ணெண்ணெய்க் கலப்பு, ஹெட்டில் கரி, பிளக் சரியில்லை, கார்புரேட்டர் ஜெட் அடைப்பு. கார்புரேட்டரைக் கழுவிப் பிளக்கையும் மாற்றினார்கள். ஒன்றும் மாறவில்லை. பிறகுதான் அண்ணாச்சியிடம் வந்தோம்.

அண்ணாச்சியின் செட், வ.உ.சி. நினைவு இல்லத்துக்குப் போகிற தெருவை ஒட்டி இருந்தது. தகரக் கூரை, வேப்ப மரம், எண்ணெய் குடித்துக் கறுத்த தரை. கப்பல் வாங்கிய மனிதர் பிறந்த ஊர் எங்களுடையது. 1907இல் தூத்துக்குடிக்கு வந்த காலியா, லாவோ என்ற அந்த இரண்டு நீராவிக் கப்பல்களின் இன்ஜின் அறையில் வெந்த மனிதர்களைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அண்ணாச்சியும் துறைமுகத்து லாரிகளில் கையாளாக இருந்து தொழில் கற்றவர். பிறகு ஊரோடு வந்து டிராக்டர், லாரி, கடைசியாகப் பெட்ரோல் வண்டிகளுக்கு வந்தார்.

அவர் டீசலில் காது பழகியவர் என்பது முக்கியமானது. டீசல் இன்ஜின் தட்டுவதும் பெட்ரோல் இன்ஜின் தட்டுவதும் கேட்பதற்கு ஒன்று போலிருக்கும், காரணம் நேர் எதிர். டீசலில் நாசில் எண்ணெயைத் தெளித்த பிறகும் அது பற்றச் சுணங்கினால், சேர்ந்து கிடந்த எண்ணெய் மொத்தமும் ஒரே நொடிப்பில் பற்றித் தட்டும். அது எரிதலின் தொடக்கத்தில் வரும் தட்டு. பெட்ரோலில், பிளக் பற்றவைத்த தீ சிலிண்டருக்குள் ஒழுங்காகப் பரவிக்கொண்டு வரும்போது, தீ இன்னும் போய்ச் சேராத மூலையில் இருக்கிற கலவை, அழுத்தமும் சூடும் தாங்காமல் தானே வெடித்துவிடும். அது எரிதலின் முடிவில் வரும் தட்டு. அந்த வெடிப்பின் அழுத்த அலை சிலிண்டர் சுவரில் மோதி நொடிக்குப் பல ஆயிரம் தடவை அதிரும். நம் காதில் விழும் கிணுகிணு அதுதான். சிலிண்டர் சின்னதாக இருந்தால் சத்தம் இன்னும் கூர்மை. ஆம்னியின் 796 சிசி இன்ஜினில் மூன்று சிலிண்டர், ஒவ்வொன்றின் குறுக்களவும் 7 சென்டிமீட்டருக்குக் குறைவு. அதனால்தான் அது கணகணவென்று இல்லாமல் கிணுகிணுவென்று கேட்டது. இதையெல்லாம் நான் பின்னாளில் பாலிடெக்னிக்கில் படித்தேன். அண்ணாச்சிக்கு அதன் பாடம் வேறு வழியில் கிடைத்திருந்தது.

“டீசல்ல தட்டினா எண்ணெ சோம்பேறின்னு அர்த்தம். பெட்ரோல்ல தட்டினா பெட்ரோல் அவசரக்காரன்னு அர்த்தம்” என்று அவர் என்னிடம் சொன்னார். இதைவிடச் சுருக்கமாக அதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அன்று அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை, முதல் ஒரு மணி நேரம். சீட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து சும்மா நின்றார். டேப்பட் சத்தமாக இருந்தால் அது கேம் ஷாஃப்டின் வேகத்தில், அதாவது இன்ஜின் சுற்றில் பாதி வேகத்தில், எப்போதும் ஒரே தாளமாகக் கேட்டுக்கொண்டிருக்கும். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை வால்வு கவரில் வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்டார். டேப்பட் சுத்தம். பிறகு ஸ்க்ரூ டிரைவரைக் கீழே பிளாக்குக்கு இறக்கினார். பிக் எண்ட் பேரிங் தேய்ந்திருந்தால் கனத்த, ஆழமான தட்டல் வரும். அந்தச் சிலிண்டரின் பிளக் ஒயரைக் கழற்றினால் அழுத்தம் விட்டுப்போய்த் தட்டல் குறையும். ஒவ்வொரு ஒயராகக் கழற்றி மாட்டினார். எதிலும் மாற்றம் இல்லை. இன்ஜினின் எலும்பு நன்றாக இருக்கிறது என்பது உறுதியானது. அப்பாவின் முகத்தில் பாதிக் கவலை அப்போதே இறங்கிவிட்டது. பேரிங் என்றால் இன்ஜினையே இறக்க வேண்டும். தீபாவளி வருமானம் முழுக்க அதிலேயே போயிருக்கும்.

அடுத்தது பெட்ரோல். கார்புரேட்டருக்குப் போகும் டியூபைக் கழற்றிக் கொஞ்சம் பிடித்து, வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டார். நல்ல பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும், தடம் இருக்காது. மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை தங்கும். பெட்ரோல் பங்குகளில் கேட்டால் இதற்கென்றே வடிதாள் தர வேண்டும் என்பது விதி. எங்கள் பக்கம் அதைக் கேட்டு வாங்கியவர்கள் குறைவு. ரேஷன் மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் இருந்த விலை வித்தியாசம் அந்தக் காலத்தில் எத்தனையோ பேரைக் கலப்படத்துக்கு இழுத்தது. மண்ணெண்ணெய் சேர்ந்தால் ஆக்டேன் இறங்கும், கலவை சீக்கிரம் தானே வெடிக்கும். அப்போது நம் நாட்டில் கிடைத்த சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேனே 87தான். ஆகவே பெட்ரோலைச் சந்தேகித்தவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் எங்கள் தாளில் கறை இல்லை.

அதன் பிறகு பண்டல்களை ஏற்றச் சொன்னார். நானும் பின்னால் ஒண்டிக்கொண்டேன். கண்மாய்க் கரையில் டாப் கியரில் மிதித்தபோது கிணுகிணு மெலிதாக வந்தது. மூன்றாவது கியரில் நன்றாக முறுக்கி ஏற்றினார். அங்கே சத்தம் இல்லை, ஆனால் வண்டி ஓர் இடத்துக்குமேல் ஏற மறுத்தது. “கீழ தட்டுது, மேல மூச்சு இல்ல” என்றார். எனக்கு அப்போது அது சாதாரணப் பேச்சாகப் பட்டது. உண்மையில் அவர் நோயின் பெயரைச் சொல்லி முடித்திருந்தார்.

திரும்பி வந்ததும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கம் டார்ச் அடித்து நெடுநேரம் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, அந்த போல்ட்டு எங்க நிக்குது பாரு.”

டிஸ்ட்ரிபியூட்டரை இன்ஜினோடு பிடித்து நிறுத்தும் போல்ட் ஒரு வளைந்த காடியில் இருக்கும். போல்ட்டைத் தளர்த்தி டிஸ்ட்ரிபியூட்டரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பலாம். உள்ளே ரோட்டர் சுற்றும் திசையிலேயே உடலைத் திருப்பினால் பிளக்குக்குக் கரண்டு தாமதமாகப் போகும். எதிர்த்திசையில் திருப்பினால் முந்திப் போகும். எங்கள் வண்டியில் போல்ட் காடியின் கடைசி மூலையில் போய் நின்றது.

“அங்க இல்ல, நடுவுல பாரு. என்ன தெரியுது?”

காடியின் நடுப்பகுதியில் வட்டமாக ஒரு வெளுத்த தடம். சுற்றிலும் பல வருடத்து எண்ணெயும் தூசியும் இறுகிக் கறுத்திருக்க, அந்த வட்டத்தில் மட்டும் உலோகம் பளிச்சென்று இருந்தது. பழைய வாஷர் உட்கார்ந்திருந்த இடம். அந்த வண்டி வாங்கியதிலிருந்து பெல்ட் மாற்றும் வரை அந்தப் போல்ட் அங்கேதான் இருந்திருக்கிறது.

“இத்தன வருசம் நடுவுல நின்னு ஒழுங்கா ஓடின வண்டி, பெல்ட்டு மாத்தினதும் மூலைக்குப் போகணும்னா, நகந்தது இது இல்ல. இதச் சுத்துறது எதுவோ அது நகந்திருக்கு” என்றார். டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது கேம் ஷாஃப்ட். கேம் ஷாஃப்டைச் சுற்றுவது டைமிங் பெல்ட்.

நான் பார்த்த கண்டுபிடிப்புகளில் இதற்குத்தான் முதல் இடம் கொடுப்பேன். அண்ணாச்சியிடம் கம்ப்ரஷன் கேஜ்கூடக் கிடையாது. ஒரு வாஷர் விட்ட தடத்தை அவர் சாட்சியாக எடுத்துக்கொண்டார். முந்திய ஒர்க்ஷாப்காரர்களிடம் டைமிங் லைட் இருந்தது, அது காட்டியதும் பொய்யல்ல. முதல் சிலிண்டரின் பிளக் ஒயரில் மாட்டினால், கரண்டு பாயும் ஒவ்வொரு தடவையும் விளக்கு மின்னும். சுழலும் ஃப்ளைவீலில் இருக்கும் கோடு அந்த மின்னலில் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். கோடு சரியான இடத்தில் தெரிந்தால் பிளக் சரியான நேரத்தில் பற்றவைக்கிறது என்று அர்த்தம். ஆனால் அந்த விளக்கு கரண்டின் நேரத்தை மட்டும்தான் காட்டும். வால்வு எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்பதை அதனால் காட்ட முடியாது. கேம் முந்தி நின்றால் கரண்டும் வால்வும் சேர்ந்தே முந்தும். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் கரண்டு மட்டும் தன் இடத்துக்கு வரும். வால்வு தப்பாகவே இருக்கும், அதைத் தப்பு என்று சொல்ல வண்டியில் வேறு குரல் இருக்காது. மிச்சமிருந்த அந்த மெலிந்த கிணுகிணு ஒன்றுதான் எங்களுக்குக் கிடைத்த துப்பு.

அண்ணாச்சி பெல்ட் கவரைத் திறந்தார். கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் மெதுவாகத் திருப்பினார். கீழே பல் புல்லியில் ஒரு புள்ளிக் குத்து இருக்கும்; அது ஆயில் பம்ப் மேல் இருக்கும் அம்புக்குறிக்கு நேராக வர வேண்டும். வந்தது. அப்போது மேலே கேம் புல்லியின் குறி, பின்கவரில் உள்ள வெட்டுக்கு நேராக இருக்க வேண்டும். வெட்டைத் தாண்டி முன்னால் நின்றது. அண்ணாச்சி நகத்தால் எண்ணிக் காட்டினார். ஒரே ஒரு பல்.

ஒரு பல் என்றால் எவ்வளவு? கிராங்க் புல்லியில் 20 பல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு பல்லுக்கு 18 டிகிரி. நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்தில் கிராங்க் நொடிக்கு 50 தடவை சுற்றும். அந்த வேகத்தில் 18 டிகிரி என்பது சரியாக ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கு முந்தியதால், காற்றை உள்ளே விடும் வால்வு சீக்கிரம் மூடிக்கொண்டது. குறைந்த வேகத்தில் சிலிண்டருக்குள் பிடிபட்ட காற்று கூடி அழுத்தம் ஏறியது, அதனால் தட்டல். அதிக வேகத்தில் காற்று உள்ளே வந்துகொண்டிருக்கும்போதே கதவு சாத்திவிட்டது. அதனால் மூச்சு முட்டல். கீழ தட்டுது, மேல மூச்சு இல்ல. கேம் பின்தங்கியிருந்தால் நேர்மாறாக, கீழே இழுவையே இல்லாமல் மந்தமாக இருந்திருக்கும், தட்டலும் வந்திருக்காது.

அப்பாவுக்கு இந்தக் கணக்கு பிடிபடவில்லை. “ஒரு பல்லுக்கா இவ்வளவு பாடு, அண்ணாச்சி?” என்று கேட்டார். அண்ணாச்சி யோசித்துவிட்டு, அப்பா தினம் பார்க்கும் ஒன்றை எடுத்தார்.

“நீங்க பண்டல் எடுக்கிற வீடுகள்ல தையல் மெஷினு நூல் விட்டுவிட்டுத் தைக்கும்லா, மெஷின் ரிப்பேர்க்காரர் வந்து என்ன செய்வாரு?”

“ஹூக் டைமிங் வைப்பாரு.”

“அதேதான் இது.”

அப்பாவுக்கு உடனே விளங்கிவிட்டது. ஊசி கீழே இறங்கி, சற்றே மேலே எழும்பும்போது நூல் ஒரு சின்ன வளையமாகப் பிதுங்கும். அந்தக் கணத்தில் ஹூக்கின் மூக்கு வந்து வளையத்தைக் கவ்வ வேண்டும். முந்தினால் வளையம் உருவாகியிருக்காது, பிந்தினால் வளையம் போய்விட்டிருக்கும். மேலே ஊசியை ஆட்டும் தண்டும் கீழே ஹூக்கைச் சுற்றும் தண்டும் ஒரே கணக்கில் இருந்தால்தான் தையல். பல ஆண்டுகள் கழித்து ஒன்றைப் படித்தபோது எனக்கு அண்ணாச்சியின் செட் கண்முன் வந்தது. பல் வைத்த ரப்பர் பெல்ட் முதலில் 1940களில் அமெரிக்காவில் தையல் மெஷினுக்காகத்தான் உருவாக்கப்பட்டது, ஊசியையும் ஹூக்கையும் நேரம் தப்பாமல் இணைப்பதற்கு. 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கிளாஸ் கம்பெனி அதைத் தன் கார் இன்ஜினில் மாட்டியது. பிறகு ஃபியட், ஜப்பான்காரர்கள் என்று பரவி எங்கள் ஆம்னி வரை வந்தது. அண்ணாச்சி அந்த வரலாற்றை அறியாமலே அதன் மூலத்துக்கு எங்களைக் கூட்டிப்போயிருந்தார்.

பெல்ட்டை மறுபடி மாட்டும்போது அவர் செய்த ஒவ்வொன்றையும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பெல்ட்டைக் கழற்றிய மறு கணமே கேம் புல்லி கொஞ்சம் துள்ளி நகர்ந்தது. வால்வு ஸ்பிரிங் தள்ளுவதால் அப்படி நகரும். “இந்தா, இப்பிடித்தான் நகந்திருக்கும், அந்தப் பையன் கவனிக்கல” என்றார். கேமைத் திருப்பிக் குறிக்குக் கொண்டுவந்தார். டென்ஷனர் இல்லாத பக்கத்தில் பெல்ட் விறைப்பாக இருக்கும்படி மாட்டினார். தொய்வு முழுக்க டென்ஷனர் பக்கம் விழ வேண்டும். எதிர்ப்பக்கத்தில் தொய்வு கிடந்தால், இன்ஜின் சுற்றும்போது முதலில் அந்தத் தொய்வு இழுபடும், கேம் பின்தங்கும். குறிகளை நேராக வைத்து மாட்டியும் பல் தப்புவது அப்படித்தான். டென்ஷனரைத் தளர்த்தி ஸ்பிரிங்கின் இழுப்பில் விட்டு, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று திருப்பி, மறுபடி குறிகளைப் பார்த்து, அதன் பிறகுதான் டென்ஷனரை முறுக்கினார்.

கடைசியாக டிஸ்ட்ரிபியூட்டர். வேக்கம் டியூபைக் கழற்றி வாயை அடைத்துவிட்டு, இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, டைமிங் லைட் பிடித்து மெல்லத் திருப்பினார். கோடு சரியான இடத்தில் வந்து நின்றதும் போல்ட்டை முறுக்கச் சொன்னார். போல்ட்டின் வாஷர் எங்கே உட்கார்ந்தது என்று குனிந்து பார்த்தேன். பழைய வெளுத்த வட்டத்தை ஏறக்குறைய முழுதாக மூடியிருந்தது.

அன்று சாயங்காலம் பண்டலோடு கண்மாய்க் கரையில் ஏறியபோது இன்ஜின் உறுமியது, அவ்வளவுதான். மெயின் ரோட்டில் அப்பா மிதித்த அளவுக்கு வண்டி போனது.

சத்தத்தை அடக்குவதும் கோளாறைத் தீர்ப்பதும் வேறு வேறு என்பதை உலகம் மிகப் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றது. நூறு ஆண்டுக்கு முன் இதே தட்டல்தான் மோட்டார் தொழிலின் தலைவலியாக இருந்தது. 1921 டிசம்பரில், அமெரிக்காவின் டேட்டனில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி, பெட்ரோலில் துளி ஈயச் சேர்மத்தைக் கலந்தால் தட்டல் நின்றுவிடுவதைக் கண்டார். 1924இலேயே அதைத் தயாரித்த ஆலைகளில் தொழிலாளர்கள் ஈய நஞ்சேறிச் செத்தார்கள். ஆனாலும் சத்தம் நின்றதே என்று உலகமே அதை எரித்தது. அந்த ஈயம் புகையோடு வந்து தெருவில் விளையாடிய குழந்தைகளின் ரத்தத்தில் இறங்கியது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டில்தான் ஈயப் பெட்ரோல் முற்றாக நின்றது. உலகில் கடைசியாக 2021இல் அல்ஜீரியா நிறுத்தியது. எங்கள் ஆம்னி அந்தத் தீபாவளிப் பருவத்தில் புதியம்புத்தூர்த் தெருக்களில் எரித்ததும் பெரும்பாலும் ஈயம் கலந்த பெட்ரோல்தான். அந்தத் தெருக்களில், மெஷின் ஓடும் திண்ணைகளுக்குக் கீழே, பிள்ளைகள் இருந்தார்கள். அதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

இப்போதைய வண்டிகளில் இன்ஜின் பிளாக்கிலேயே ஒரு நாக் சென்சார் இருக்கிறது. தட்டலின் அதிர்வை அது பிடித்ததும் கணினி கரண்டின் நேரத்தைத் தானே பின்னுக்குத் தள்ளிவிடும். ஓட்டுகிறவர் காதுக்கு ஒன்றும் வராது. வசதிதான், இன்ஜினுக்கும் நல்லது. ஆனால் பெல்ட்டோ செயினோ ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டால், வண்டி வெறுமனே சோம்பிப் போகும், பெட்ரோல் கூடும். கேம் சென்சாரும் கிராங்க் சென்சாரும் ஒத்துப்போகவில்லை என்று ஸ்கேனர் ஒரு பிழைக் குறியீடு காட்டலாம். அதைப் பார்த்துச் சென்சாரை மாற்றுகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, இந்த வண்டியில் கடைசியாக எதைக் கழற்றி மாட்டினார்கள் என்பதைத்தான்.

அன்று அப்பா கூலி கொடுத்துவிட்டு, அந்த வெளியூர் ஒர்க்ஷாப்பில் போய்ச் சத்தம் போடப்போவதாகச் சொன்னார். அண்ணாச்சி தடுத்தார். “வையாதீக. அந்தப் பையன ஒரு ஞாயித்துக்கெழம இங்க வரச் சொல்லுங்க.”

அவன் வந்தான், என்னைவிட நாலைந்து வயது மூத்தவனாக இருக்கலாம். கையைக் கட்டிக்கொண்டு திட்டு வாங்கத் தயாராக நின்றான். அண்ணாச்சி அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, வாஷர் தடத்தைக் காட்டி, நடந்ததைச் சொன்னார். பெல்ட் கவரை அவனையே திறக்கச் சொல்லி, ஸ்பேனரைக் கொடுத்தார். ஒரு சுற்று திருப்பினான். கீழ்க்குறி அம்புக்கு நேராக வந்தது. மேல்குறியைக் காணவில்லை.

“ஒரு சுத்து போதும்னு நெனச்சிருந்தேன் அண்ணாச்சி. கீழ சரியா இருக்கே, மேல ஏன் காணோம்?”

“கிராங்கு ரெண்டு சுத்து சுத்தினாத்தான் கேமு ஒரு சுத்து. இப்ப அந்தக் குறி தலைகீழா அடியில கெடக்கும். இன்னொரு சுத்து சுத்து.”

அவன் சுற்றினான். இரண்டு குறியும் நேராக வந்தன. குனிந்து, எழுந்து, மறுபடி குனிந்து பார்த்தான். பிறகு யாரும் சொல்லாமல் தானாகவே இன்னும் இரண்டு சுற்று திருப்பி மறுபடி பார்த்தான். அண்ணாச்சி கவரை எடுத்து அவன் கையில் கொடுத்து, போல்ட்டுகளை ஒரேயடியாக முறுக்காமல் மாற்றி மாற்றி முறுக்கச் சொன்னார்.